குறையாத பெட்ரோல்

என் காரில் பெட்ரோல் வாசம் வந்தது. ஆனால் பெட்ரோல் குறையவில்லை. இவை இரண்டும் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பொருளின் வாசம் மூக்குக்கு வருகிறதென்றால் அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். கலந்தால் மிச்சம் குறைய வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம் இது. கொல்லிமலையில் அந்த எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான்தான். அதனால் மூன்று வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பயத்தினால் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பயம் பின்னால்தான் வந்தது. முதலில் இருந்தது ஆர்வம், அதோடு கொஞ்சம் எரிச்சல். காரணம் தெரியாத ஒன்று என் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பொறுக்காது. வகுப்பறையில் மின்விசிறி கிறீச்சிட்டால்கூடப் பாடத்தை நிறுத்திவிட்டு மேசைமேல் ஏறுகிற ஆள் நான்.

கார் என்னுடையது என்று சொன்னேனே தவிர, அதை வாங்கியது என் தம்பி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறி உட்கார முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். சேலத்தில் வேலை பார்த்தபோது துருப்பிடித்த கூடாக அதைக் கொண்டுவந்து, நாலு வருடம் மல்லுக்கட்டி ஓட வைத்தான். அப்புறம் வெளிநாட்டில் வேலை கிடைத்தது. விற்க மனசு வரவில்லை. மலையில் எனக்குப் பொழுது போகாது என்று அவனாகவே முடிவு செய்து, சாவியை என் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

பொழுது போகாதவர்கள் என்று பட்டியல் போட்டால் அதில் வாத்தியார்களுக்கு இடம் கிடையாது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு காரவள்ளி வரை எழுபது வளைவையும் இறங்கும்போது நான் நாற்பத்தாறு வயது டீச்சர் இல்லை. யாராக இருக்கிறேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் வாடகை வீட்டில் காரை நிறுத்த இடம் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் கொட்டகையைக் கொடுத்தார். மிளகு, சாமை, மரவள்ளி மூன்றும் வைத்திருக்கிற விவசாயி. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். கொட்டகை என்பது அவர் வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பு. வாடகை என்று நான் பேச்செடுத்தபோது, காரு என்ன சோறா திங்கப்போகுது, நிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தரை ஈரமாக இருந்தால் காரின் அடித்தகடு துருப்பிடிக்கும் என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, மறுநாளே சாமை உமியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து காருக்கு அடியில் மெத்தைபோலப் பரப்பி வைத்திருந்தார்.

வெளியே நிறுத்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காரின் கூரை துணியால் ஆனது, அதுவும் கிழிந்தது. மழையும் பனியும் ஒரு பக்கம் என்றால் குரங்குகள் இன்னொரு பக்கம். ஒரு நாள் அரை மணி நேரம் வெளியே விட்டதற்கே ஒரு குரங்கு சீட்டைப் பிய்த்துப் பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுச் சந்தில் சைக்கிள் திரும்புவதே கஷ்டம். ஆகவே கொட்டகை இல்லையென்றால் கார் இல்லை, விற்க வேண்டியதுதான்.

தை மாதக் கடைசியில் வாசம் ஆரம்பித்தது. காரில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் தம்பி காலத்திலேயே செத்துப்போனது. டேங்க் பின்பக்கம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் குழாய் நேராக உள்ளே போகும். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பதுதான் என் மீட்டர். அந்த வாரம் திங்கட்கிழமை பார்த்ததற்கும் வியாழக்கிழமை பார்த்ததற்கும் இடையே நாலு விரற்கடை குறைந்திருந்தது. இத்தனைக்கும் கார் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

அப்போது முற்றத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இருந்தார், அவர் மனைவி இருந்தார், அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூலிக்கு வந்த நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் குச்சியைக் கையில் பிடித்தபடியே கொட்டகையிலிருந்து வெளியே வந்து, மனசில் பட்டதை அப்படியே கேட்டேன்.

"அண்ணா, பெட்ரோல் கொறைஞ்சிருக்கே. யாராச்சும் எடுத்தாங்களா?"

வகுப்பில் சாக்பீஸ் பெட்டியைக் காணோம் என்றால் கேட்பேனே, அதே குரல். அவர் மிளகுக் கொத்தைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க டீச்சர். இங்க யாரும் தொட மாட்டாங்க."

சரி என்று வந்துவிட்டேன். கேட்டது கேள்வி, கிடைத்தது பதில். எனக்கு அது அதோடு முடிந்தது.

இனிமேல் ஒழுங்காக அளக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். தினமும் சாயங்காலம் குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் பேனாக்கத்தியால் ஒரு கீறல் போடுவேன். மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் மறுபடி விட்டுப் பார்ப்பேன். குச்சியைக் கொட்டகைத் தகரத்தின் இடுக்கிலேயே செருகி வைத்தேன். அளக்கிற சாமான் அளக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் வேறெங்கே வைப்பாள்?

முதல் நாள் காலையில் நனைந்த கோடு கீறலின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஒரு வாரம் போனது, ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. அப்படியானால் அந்த நாலு விரற்கடை நான் அளந்ததில் வந்த கோளாறு என்று என் நோட்டில் எழுதினேன். குச்சியைச் சாய்த்துப் பிடித்திருப்பேன். என் தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டேனே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் வாசம் போகவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல இருந்தது.

ஒரு நாள் அக்கா என் வீட்டு வாசலுக்கே வந்தார். அண்ணன் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் அவர். அவர்களுடைய மகள் கணவனோடு பேளுக்குறிச்சிப் பக்கம் வேலையில் இருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்கு மாசிக் கடைசியில் அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவள் படுக்கப் போகிற அறை கொட்டகையை ஒட்டியது. நடுவில் ஒரு சுவர்தான். அவளுக்காக வெந்நீர் அடுப்பு போடப் போவதும் கொட்டகை வாசலிலிருந்து நாலடி தள்ளித்தான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க," என்றார் அக்கா. "ஒண்ணு வாசம் போவணும், இல்லாட்டி காரு போவணும். புள்ளைக்கு இப்பவே எதைக் கண்டாலும் கொமட்டுதாம்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவர் சொன்னது முழுக்க நியாயம். அண்ணன் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று வாரம் கிடைத்தது. அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் காரை இறக்கி விற்றுவிடுவதாக நானே சொன்னேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தம்பிக்கும் அவருக்கும் பழக்கம். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெட்ரோல் குறையவில்லை என்றால் ஓட்டை இல்லை, டேங்க் மூடி வழியாக ஆவி வருகிறது, அவ்வளவுதான் என்றார். மூடிக்கு ஒரு புது ரப்பர் வளையம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினார். போட்டேன். மறுநாள் காலை, அதே வாசம்.

அதற்கப்புறம் ஒரு நாள்தான் என் புத்தியைச் சோதித்தது. குச்சியை விட்டு எடுத்தேன். நனைந்த கோடு, முந்தின நாள் கீறலுக்கு அரை விரல் மேலே இருந்தது.

மூன்று தடவை அளந்தேன். மேலேதான். சூட்டில் பெட்ரோல் விரியும் என்பது உண்மை. ஆனால் அன்றைக்குக் காலையில் விரல் விறைக்கிற குளிர். குளிரில் சுருங்கத்தானே வேண்டும்? குச்சி தண்ணீரை உறிஞ்சி உப்பிவிட்டதா, கார் நிற்கிற தரை ஒரு பக்கம் அமுங்கிவிட்டதா என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் யோசித்தேன். முதல் பிரிவேளையில் ஒரு பெண் கையைத் தூக்கி, டீச்சர் எங்களுக்கு இன்னும் பாடம் எதுவும் சொல்லவே இல்லை என்று ஞாபகப்படுத்தினாள். என் கார் ஊற்று மாதிரி பெட்ரோல் சுரக்கிறது என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். எங்களுக்கும் ரெண்டு லிட்டர் அனுப்பிவிடு என்று பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொன்று சேர்ந்துகொண்டது. இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஏறும்போது, வளைவுகளில் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் நீலப் புகை. சைலன்சரிலிருந்து மெல்லிசாக வந்துகொண்டே இருந்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, என்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம், அந்தக் காருக்கு உதிரிச் சாமான் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும் என்று தனக்கே தெரியவில்லை என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இது கையைவிட்டுப் போகிறது என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை.

ஆனால் புகைக்கும் வாசத்துக்கும் என்ன சம்பந்தம்? வாசத்துக்கும் ஏறிய பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? மூன்றும் மூன்று வியாதியா, ஒரே வியாதியா? விற்பதாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்கப் போவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

சனிக்கிழமை கரும்பலகை டஸ்டர்கள் ஆறையும் ஒரு காகிதத்தின்மேல் தட்டி, சாக்பீஸ் தூளைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்தேன். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் ஊர்ந்து போய், டேங்கிலிருந்து கிளம்பும் பெட்ரோல் குழாய் முழுவதும், எட்டிய இடத்திலெல்லாம், பழைய துணியால் அந்தத் தூளை ஒற்றி வைத்தேன். காய்ந்த இடத்தில் தூள் வெள்ளையாக நிற்கும், நனைந்த இடத்தில் கருத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் காய்ந்து மறைந்தாலும் தூளில் தடம் இருக்கும். அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்று, என்னங்க டீச்சர் காருக்குப் பவுடர் பூசறீங்க என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச்சோடு உள்ளே போனேன். டேங்குக்கும் பெட்ரோலை இழுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய். மேலே துணி பின்னியிருக்கும். அந்தத் துணி முழுவதும் தூள் சேறாக ஒட்டியிருந்தது. குழாயின் தாழ்ந்த முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சத்தமே இல்லை. உமி அதை வாங்கிக்கொண்டது. பத்து வரை எண்ணினேன், இன்னொரு சொட்டு விழுந்தது.

ஆக, ஒழுகுகிறது. இராத்திரி பகல் ஒழுகுகிறது. உமி குடித்துவிடுவதால் தரையில் ஈரம் தெரியவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடியிலிருந்து வெளியே வந்து குச்சியை எடுத்து டேங்கில் விட்டேன்.

குறையவில்லை.

உண்மையாகவே காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, புதுக் குழாயோடு இன்றைக்கே வந்தாக வேண்டும் என்றேன். அதட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் ஒரு காலி கேன். வந்ததும் முதல் வேலையாக அக்காவின் அடுப்பை அணைக்கச் சொன்னார். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றப் போனவர் நின்று, ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்தார். பின்னால் பம்பு பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்று அடித்தது. நாலு அடி அடித்துவிட்டு நிற்க வேண்டியது, நிற்காமல் படபடத்தது. ஓட்டை வழியாகக் காற்றை இழுத்தால் இப்படித்தான் அடிக்கும் என்றார். எனக்கு அந்தச் சத்தம் ஒரு மாதமாகத் தெரியும். குளிருக்கு அப்படி அடிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

காரைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினோம், அண்ணனும் ஒரு கை கொடுத்தார். மெக்கானிக் ஒயரைக் கழற்றிவிட்டு, அடியில் படுத்துக் குழாயை உருவி, டேங்கில் இருந்ததைக் கேனில் இறக்கினார். ஒழுகுகிற முனையில் ஓட்டை இல்லை. கத்தியால் துணிப் பின்னலைக் கீறி உரித்தார். குழாயின் மேல்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அங்கே கசிந்தது துணி வழியாகவே நடந்து வந்து முனையில் சொட்டியிருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வெடித்த குழாயைக் கையில் வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்தேன்.

மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை. கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நனைத்து, கட்டைவிரலோடு தேய்த்தார். மோந்தார். கேனை வெயிலில் தூக்கிப் பிடித்தார். பெட்ரோலில் லேசாகப் பச்சை ஓடியது.

"டீச்சர், இதுல யாரு டூ-டி ஆயில் கலந்தது?"

டூ-டி ஆயில் என்பது களை வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலோடு கலக்கிற எண்ணெய். காருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீலப் புகை இதிலிருந்துதான் வந்திருக்கிறது, என்ஜினுக்கு ஒன்றும் இல்லை என்று மெக்கானிக் சிரித்தார். இந்த அளவு ஒழுகினால் தினமும் அரை லிட்டராவது போயிருக்கும், போகவில்லை என்றால் யாரோ ஊற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் களை வெட்டும் மெஷின் இருப்பது ஒரே வீட்டில்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் பிடிபட்ட ஆளின் தவிப்பு.

"கொஞ்சம் எண்ணெ சேந்தா என்ஜினுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேனுங்க," என்றார். "கெட்டுப்போச்சுங்களா?"

பங்க் எங்களுக்குத் தூரம். மெஷினுக்கு வேண்டிய பெட்ரோலைக் கேனில் வாங்கி, எண்ணெய் கலந்து வீட்டிலேயே வைத்திருப்பார். விடிந்ததும் நான் வருவதற்கு முன் ஒரு தடவை, சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்கு முன் ஒரு தடவை, இடுக்கிலிருந்து என் குச்சியை எடுத்து டேங்கில் விட்டுப் பார்ப்பாராம். நான் போட்ட கீறல் வரை இருந்தால் சரி. இல்லாவிட்டால் கீறல் வருகிற வரை ஊற்றுவாராம். ஒரு நாள் கை தவறிக் கொஞ்சம் கூட விழுந்துவிட்டதாம். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தினமும் நானே குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வாரப் புதிர் மூன்று நிமிடத்தில் அவிழ்ந்தது. வாசம், புகை, ஏறிய பெட்ரோல் எல்லாம் ஒரே கணக்கில் உட்கார்ந்தது. அந்தச் சுகத்திலேயே, ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் முதல் நாளே குழாயைப் பார்த்திருப்பேனே என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எடுத்தாங்களான்னு நீங்க கேட்டீங்க. இல்லீன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் கொறைஞ்சா என்னன்னுங்க சொல்றது?"

சிரிப்பு நின்றுவிட்டது. மிளகு உதிர்த்த அந்த நாளில் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதில் விழுந்தது. நாலைந்து பேர் முன்னால், அவர் முற்றத்தில், கையில் குச்சியோடு.

அக்காவுக்கும் இது அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அவர்கள் பக்கத்தில், ஒருத்தர் சாமை மூட்டையை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனால், எலி தின்றதற்கும் வீட்டுக்காரர்கள்தான் அளந்து போட்டு நிரப்பி வைப்பார்களாம். வந்து கேட்கும்போது மூட்டை குறைந்திருக்கக் கூடாதாம், எலி தின்றதென்று சொல்லவும் மாட்டார்களாம். காருக்கும் அதையே செய்திருக்கிறார் என்று விளக்கினார். பிறகு, நீங்க கேட்டதுலருந்து அவரு செரியா சோறு திங்கலீங்க, என்னன்னு கேட்டாலும் சொல்லலை என்றார்.

மெக்கானிக் புதுக் குழாயை மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப்பை முறுக்கினார். நல்ல பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பியதும் பம்பு நாலு அடி அடித்து அமைதியாகிவிட்டது. வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உமியை அள்ளும் வேலைதான் இருட்டுகிற வரை நடந்தது. அண்ணன் மண்வெட்டி பிடித்தார், நான் கூடை சுமந்தேன். அள்ள அள்ள அடியிலிருந்து பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. உமிக்குக் கீழே மண்ணும் ஊறியிருந்தது, சுவரோரம் வரை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கான அறை. நாலடியில் வெந்நீர் அடுப்புக்கு மூன்று கல் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். தினமும் இரண்டு வேளையும் அண்ணன் தன் பெட்ரோலை என் கார் வழியாகத் தன் வீட்டுத் தரையிலேயே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பீடி நெருப்பு போதும். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் தனியாகவும் கேட்டேன், அடுத்த வாரம் மிளகுக்கு வந்த அதே ஆட்கள் முன்னாலும், கார் ஒழுகியதென்றும் நான் தப்பாகக் கேட்டுவிட்டேனென்றும் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுக்கென்னங்க டீச்சர், உடுங்க என்று அண்ணன் பேச்சை மாற்றினார்.

மாசிக் கடைசியில் மகள் வந்தாள். அறைக்குள் போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மாட்டு வாசம்தான் வருது என்றாள். அக்கா சிரித்தார். கார் கொட்டகையிலேயே நின்றது. பங்குனியில் பேரன் பிறந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மறுபடி எழுபது வளைவும் கிடைத்தது.

கோடை விடுமுறைக்கு அம்மாவிடம் ஒரு மாதம் இருந்துவரக் கிளம்பினேன். நாள் கணக்கில் நிற்கப் போகிற காருக்கு டேங்கை நிரப்பி வைப்பது நல்லது, உள்ளே துருப்பிடிக்காது. நிரப்பிக் கொட்டகையில் விட்டுவிட்டு, காரைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிக்கொள்ளப் போனேன். போன வருடமும் இதே மாதிரி சொன்னேன். போய்ட்டு வாங்க, நிக்கட்டும் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருந்தார்.

இந்த முறை எழுந்து வந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு கொட்டகைக்குள் நுழைந்தார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை.

"மூடியத் தொறந்து ஒருக்கா காட்டிட்டுப் போயிருங்க டீச்சர். ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

வேண்டாம் அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.